மேம்படுத்தலின் விலை யார் தலையில்? ஓசூர்ச் சிறுதொழில்களும் அலுவலக மென்பொருள் உரிமமும்

1. சிவப்புப் பட்டை

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. வாகன உதிரிபாகங்களுக்குக் கடைசல் வேலை செய்து தரும் இடம். பத்துப் பன்னிரண்டு சி.என்.சி. இயந்திரங்கள், இருபத்தைந்து பேருக்கு வேலை. அலுவலகம் என்பது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஐந்து கணினிகள். டெஸ்பாட்ச் மேசையிலிருந்த கணினித் திரையின் மேல்விளிம்பில் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. ஆபீஸ் 2010 முறையாக ஆக்டிவேட் ஆகாவிட்டால் தலைப்புப் பட்டை அப்படிச் சிவந்துவிடும். அங்கே பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "அது எப்பவுமே அப்படித்தாங்க சார் இருக்கும்" என்றார்.

கணினி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழையது. விற்றவரே விண்டோஸும் ஆபீஸும் "போட்டுக் கொடுத்தார்". பட்டறைக்காரர் அதைத் தவறென்று ஒருநாளும் எண்ணியதில்லை; விலைக்குள் எல்லாமே அடக்கம் என்றுதான் நம்பியிருந்தார். புதிதாக வேலை தர வந்த ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் அனுப்பிய ஆடிட் படிவத்தில், பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்துக்கும் உரிமம் உண்டா என்றொரு வரி இருந்தது. அதன்பிறகுதான் என்னை அழைத்தார். "அஞ்சு சிஸ்டத்துக்கும் ஒரிஜினல் போட்டா எவ்வளவு ஆகும்? குறைஞ்ச செலவுல அப்கிரேடு பண்ண வழி இருக்கா?"

அவருடைய கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. பதில் தேடிப் போனபோது கேள்வி வேறு வடிவம் எடுத்தது. எந்த உரிமம் மலிவு என்பதைக் காட்டிலும், ஒரு சிறுபட்டறையை மேம்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது யார் என்பது முக்கியமாகப்பட்டது. கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் செலவை எங்கே குறைக்கலாம் என்றும் தெரியும்.

2. "அப்கிரேடு" என்ற சரக்கு மறைந்த கதை

பட்டறைக்காரர் கேட்ட பொருள் ஒருகாலத்தில் உண்மையிலேயே கடையில் கிடைத்தது. பழைய பதிப்பை வைத்திருப்பவர் புதிய பதிப்பைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆபீஸ் 2007 ஸ்டாண்டர்டு பதிப்பின் அமெரிக்கப் பட்டியல் விலை 399 டாலர். முந்தைய பதிப்பு வைத்திருந்தவருக்கு 239 டாலர். முன்பு கொடுத்த பணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அது அடுத்த கொள்முதலில் கழியும் என்பதே இதன் அடிப்படை. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதியது வாங்கும் நம் வழக்கத்துக்கு நெருக்கமான ஏற்பாடு.

ஆபீஸ் 2010 வந்தபோது சில்லறை விற்பனையில் அந்தச் சலுகை விலை இல்லை. பெருநிறுவனங்களுக்கு அதற்கும் முன்பே கதவு அடைபட்டது. 2001இல் மைக்ரோசாப்ட் அறிவித்த புதிய உரிமத் திட்டம் பழைய மேம்படுத்தல் உரிமங்களை ஒழித்து, 'சாப்ட்வேர் அஷ்யூரன்ஸ்' என்ற ஆண்டுக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. மேசைக் கணினி மென்பொருளுக்கு உரிம விலையில் ஆண்டுக்கு 29 விழுக்காடு. பழைய முறையில் வாங்கக் கடைசி நாள் 2002 ஜூலை 31. அதற்குப் பிறகு இரண்டே வழி: ஆண்டுதோறும் கட்டலாம், அல்லது புதிய பதிப்பை முழு விலைக்கு வாங்கலாம். 2011 ஜூனில் ஆபீஸ் 365 வந்து சந்தா முறையைச் சிறு நிறுவனங்களுக்கும் கொண்டுவந்தது. சிறு நிறுவனங்கள் தொகுப்பாக உரிமம் வாங்கப் பயன்பட்ட 'ஓப்பன் லைசென்ஸ்' திட்டத்தில் புதிய விற்பனை 2021 முடிவோடு நின்றது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது ஆயுட்காலம். பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆபீஸ் 2010க்கு 2020 அக்டோபர் வரை வந்தது, பத்து ஆண்டுகள். ஆபீஸ் 2016க்கும் ஏறத்தாழ அதே அளவு. ஆபீஸ் 2019க்கு ஏழே ஆண்டுகள். 2016ஐயும் 2019ஐயும் ஒரே நாளில், 2025 அக்டோபர் 14இல், முடித்துவைத்தார்கள். ஆபீஸ் 2021க்கு 2026 அக்டோபர் வரை, ஐந்து ஆண்டுகள். ஆபீஸ் 2024க்கும் 2029 அக்டோபர் வரை, அதே ஐந்து. 'நிரந்தர உரிமம்' என்ற பெயர் மாறவில்லை. பெட்டியின் மேலுள்ள விலை ஏறாமலே ஆண்டுக்கு விழும் செலவு இரட்டிப்பாகிவிட்டது.

அப்படியிருந்தும் சந்தாவே மலிவு என்ற பேச்சு கணக்கில் நிற்கவில்லை. சிறுதொழிலுக்கான ஆபீஸ் 2024 'ஹோம் அண்டு பிசினஸ்' பதிப்பின் அமெரிக்க விலை சுமார் 250 டாலர். ஆபீஸ் செயலிகள் மட்டும் அடங்கிய வணிகச் சந்தா ஆளுக்கு மாதம் 8.25 டாலர், ஆண்டுக்கு 99. இரண்டரை ஆண்டில் சந்தா நிரந்தர உரிமத்தின் விலையைத் தொட்டுவிடும். ஐந்தாம் ஆண்டு முடிவில் இரட்டிப்பாகும். ரூபாய் விலைகள் வேறாக இருக்கும், ஆனால் விகிதத்தைப் புரிந்துகொள்ள இது போதும். சந்தாவின் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே ஆள் பல கணினிகளில் பயன்படுத்தலாம், ஆள் விலகினால் அடுத்தவருக்கு மாற்றலாம், முதல் மாதமே பெருந்தொகை கட்ட வேண்டாம். பேமெண்ட் தொண்ணூறு நாள் கழித்து வரும் ஜாப் ஒர்க் தொழிலில் கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை.

3. நம் ஊரில் நிலவும் மூன்று நம்பிக்கைகள்

முதலாவது, கீ இருந்தால் லைசென்ஸ் இருக்கிறது என்பது. இணையச் சந்தையில் ஐந்நூறு ரூபாய்க்கும் அதற்குக் கீழும் ஆபீஸ் கீ விற்கிறார்கள், ஜி.எஸ்.டி. பில்லும் தருகிறார்கள், போட்டால் ஆக்டிவேட்டும் ஆகிறது. ஆனால் கீ என்பது பூட்டைத் திறக்கும் எண் மட்டுமே. ஏதோ ஒரு பெருநிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ தொகுப்பாக வழங்கப்பட்ட எண்ணைத் துண்டு போட்டு விற்றிருந்தால், அதை வாங்கியவருக்கு எந்த உரிமையும் வந்து சேரவில்லை. ஆடிட்டில் கேட்பது எண்ணை அல்ல, அந்த உரிமம் யார் பெயரில் வந்தது என்பதற்கான சான்றை.

இரண்டாவது, புது லேப்டாப்போடு வந்த ஆபீஸ் போதும் என்பது. கடைகளில் விற்ற லேப்டாப்புகள் பலவற்றில் 'ஹோம் அண்டு ஸ்டூடண்ட்' பதிப்பு வாழ்நாள் உரிமமாக வந்தது. பட்டறைக்காரரின் சொந்த லேப்டாப்பிலும் அதுதான் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல்தான். ஆயினும் அந்த உரிமத்தின் நிபந்தனை வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. அதில் ஒரு கொட்டேஷன் அடித்தால்கூட நிபந்தனையை மீறியதாகிறது. மனமறிந்து தவறு செய்யாதவர்களும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. விற்பவர் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

மூன்றாவது நம்பிக்கை கட்டற்ற மென்பொருள் அன்பர்களுடையது: லிபரேஆபீஸ் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நானும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன். சான்றுகள் இருபக்கமும் இருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசோ 2024இல் சுமார் 30,000 கணினிகளை லிபரேஆபீஸுக்கு மாற்ற முடிவு செய்தது. தமிழ்நாட்டில் 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் சி. உமாசங்கர் அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்நிறுவனம் சூசே லினக்ஸையும் ஓப்பன்ஆபீஸையும் கையிலெடுத்தது. பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. அந்த மடிக்கணினியில் படித்தவர்கள் இன்று சிப்காட் அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் நான் பேசிய எவரும் பாஸ் லினக்ஸைத் திறந்து வேலை செய்ததாகச் சொல்லவில்லை. அரசு ஆணையால் மென்பொருளை மேசைவரை கொண்டுவந்து வைக்க முடியும். மேசைக்கு வெளியிலிருந்து வரும் கோப்பு எந்த வடிவில் வர வேண்டும் என்பதை அந்த ஆணை தீர்மானிப்பதில்லை.

4. சட்டம் என்ன சொல்கிறது

பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 1994 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. உரிமமற்ற நகல் என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம். ஆதாய நோக்கமோ வணிகமோ இல்லாத பயன்பாடென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். பட்டறைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் நிறுவப்பட்டிருந்த மென்பொருளில் 56 விழுக்காடு உரிமமற்றது. 2011இல் அது 63 விழுக்காடு. விற்பவர்களின் அமைப்பே எடுத்த கணக்கு என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் சிவப்புப் பட்டை ஓசூரில் மட்டும் ஓடவில்லை என்பது தெளிவு.

வாங்கியது பொருளா, அனுமதியா? டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம், குறுவட்டில் வைத்து விற்கும் ஆயத்த மென்பொருள் 'சரக்கு'தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்றது. 2021 மார்ச்சில் என்ஜினீயரிங் அனாலிசிஸ் வழக்கில், அத்தகைய மென்பொருளுக்குப் பயனர் தரும் விலை பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. வரிக்கு அது சரக்கு. ஆனால் வாங்கியவர் வேண்டாதபோது இன்னொருவருக்கு விற்க நினைத்தால் உரிம ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தக் கணினியோடே முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் யூஸ்டுசாப்ட் வழக்கில், நிரந்தர உரிமத்தை வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அங்கே பழைய உரிமச் சந்தை சட்டப்படி நடக்கிறது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டாது. கட்டியிருந்தால் பட்டறைக்காரருக்கு இன்னொரு வழி இருந்திருக்கும்.

உரிமங்களின் விலை வேறுபாடு இந்தியாவிலேயே ஒருமுறை விசாரணைக்கு வந்தது. கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் மலிவு, தனியாக வாங்கினால் விலை அதிகம், இது பாகுபாடு என்று சிங்கானியா அண்டு பார்ட்னர்ஸ் என்ற வழக்கறிஞர் நிறுவனம் மைக்ரோசாப்டுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. வழக்கு எண் 36/2010. ஒவ்வொரு வகை உரிமமும் தரும் உரிமைகள் வேறு, ஆகவே விலையும் வேறு என்ற வாதம் ஏற்கப்பட்டு வழக்கு முடிந்தது. தர்க்கம் சரியானதே. ஆனால் எந்த உரிமம் எந்த உரிமையைத் தருகிறது என்பதை ஒரு வழக்கறிஞர் நிறுவனமே ஆணையத்துக்குப் போய்த்தான் தெளிய வேண்டியிருந்தது, எஸ்.பி. ரோட்டில் கணினி வாங்கப்போகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

5. எல்லையோரத்தின் கட்டாயங்கள்

ஓசூரின் தொழில் 1970களில் சிப்காட் வளாகத்தோடு வேரூன்றியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வர, அவற்றைச் சுற்றி மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடி வழியெங்கும் பட்டறைகள் முளைத்தன. தொழிலின் மறுபாதி எல்லைக்கு அந்தப் பக்கம்: அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகினி, பீனியா. காலையில் ஓசூரில் ஏற்றிய சரக்கு மதியத்துக்குள் கர்நாடகத்தில் இறங்கும். கோவைப் பட்டறைக்கும் ஓசூர்ப் பட்டறைக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு இது.

ஜி.எஸ்.டி.யில் இந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்வரை சரக்கு அனுப்ப இ-வே பில் தேவையில்லை. மாநிலம் தாண்டினால் ஐம்பதாயிரத்தோடு அந்த விலக்கு முடிகிறது. ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பொருள் போனால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருளை பொம்மசந்திராவுக்கு பிளேட்டிங்குக்கு அனுப்பினாலும் இதே கதைதான். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கின் கணக்கை ஐ.டி.சி-04 படிவத்தில் தனியாகக் காட்ட வேண்டும். இ-இன்வாய்ஸ் கட்டாயம் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. 5 கோடி என்பது ஓசூரின் நடுத்தரப் பட்டறையின் அளவு.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. அரசு தரும் ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் கருவிக்குத் தேவையானவை என்று சொல்லப்பட்டவை விண்டோஸ் 7, எக்செல் 2007 அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகள். ஐ.டி.சி-04, ஆண்டுக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-9 ஆகியவற்றின் கருவிகளும் எக்செல் தாள்களே. வருமான வரிக் கணக்குக்கான எக்செல் படிவமும் மேக்ரோவில் ஓடுகிறது. இதே இந்தியா, மைக்ரோசாப்டின் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். கோப்பு வடிவத்தைப் பன்னாட்டுத் தரமாக்கும் வாக்கெடுப்பில் 2007இலும் 2008இலும் எதிர்த்து வாக்களித்தது. 2010 நவம்பரில் மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை வெளியிட்டது. அரசுச் சேவையைப் பெற ஒரு நிறுவனத்தின் பொருளை வாங்கியே ஆக வேண்டிய நிலை கூடாது என்பதே அதன் உட்கிடை. 2015இல் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையும் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த ஜி.எஸ்.டி.யின் கருவி எக்செல் கேட்டது. வரி கட்டுவதற்காக ஒரு தனியார் மென்பொருளின் உரிமம் தேவைப்படுகிறது. கொள்கை எழுதியவர்களின் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்தக் கொள்கை பட்டறையின் மேசைவரை வந்து சேரவில்லை.

அடுத்த கட்டாயம் வாடிக்கையாளர் நிறுவனங்களிடமிருந்து வருவது. வாகனத் துறையில் ஒரு புதிய பாகத்துக்கு ஒப்புதல் வாங்க பி.பி.ஏ.பி. கோப்பு தர வேண்டும்: எஃப்.எம்.இ.ஏ., கண்ட்ரோல் பிளான், அளவுச் சோதனை அறிக்கை, எஸ்.பி.சி. கணக்கு. இவற்றுக்குப் பல நிறுவனங்கள் தங்களுடைய எக்செல் வார்ப்புருவையே அனுப்புகின்றன. உள்ளே பூட்டிய கட்டங்கள், தானாக நிறம் மாறும் விதிகள், பட்டனை அழுத்தினால் ஓடும் மேக்ரோ. பாகத்தின் விலையைப் பைசா கணக்கில் பேசுகிறவர்கள், அந்த வார்ப்புருவைத் திறக்கும் மென்பொருளின் செலவை விலையில் சேர்த்துப் பேசுவதில்லை.

கடைசியாக, கணினியே தரும் கட்டாயம். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். எஸ்.பி. ரோட்டில் ஆறாம் தலைமுறைக் கணினி வாங்கியவருக்கு மென்பொருளை மேம்படுத்துவது என்றால் கணினியையே மாற்றுவது என்று பொருள்.

6. டாலி: ஒரு மாற்று மாதிரி

இதே பட்டறையில் ஒரு மென்பொருளுக்கு மட்டும் தயங்காமல் பணம் கட்டுகிறார்கள். பெங்களூருவில் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான டாலி. ஒருமுறை உரிமம் வாங்கினால் அது நிரந்தரம், டி.எஸ்.எஸ். எனும் சேவையை ஆண்டுதோறும் புதுப்பித்தால் புதிய வெளியீடுகள் கூடுதல் விலையின்றிக் கிடைக்கும். 2020 நவம்பரில் டாலி பிரைம் வந்தபோது, டி.எஸ்.எஸ். நடப்பிலிருந்த டாலி ஈ.ஆர்.பி. 9 பயனர்கள் அப்படித்தான் மாறினார்கள். புதுப்பிக்காவிட்டாலும் கையிலுள்ள பதிப்பு தொடர்ந்து ஓடும். முன்பு கொடுத்த பணம் வீணாவதில்லை. அலுவலகத் தொகுப்பில் 2010இல் மறைந்துபோன மேம்படுத்தல் உரிமம் இங்கே வேறு பெயரில் உயிரோடிருக்கிறது.

இந்த மாதிரியையும் முழுக்கப் புகழ முடியவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் தம் கணக்கு மென்பொருளில் திருத்தச் சுவடு பதிவாவதை உறுதி செய்ய வேண்டும் என்ற விதி வந்ததும், பழைய பதிப்பில் ஓட்டிக்கொண்டிருந்த பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் புதுப்பித்தே ஆக வேண்டியதாயிற்று. இங்கும் உந்துதல் வெளியிலிருந்துதான். ஆயினும் யாரும் முணுமுணுக்கவில்லை. என்ன கட்டுகிறோம், எதற்குக் கட்டுகிறோம் என்பது ஆடிட்டர் முதல் பில் போடும் பெண்வரை அனைவருக்கும் தெரியும். "ரெனிவல் தேதி" என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

7. மேசை மேசையாக

ஐந்து கணினிக்கும் என்ன செலவாகும் என்று கேட்டவரிடம், ஒரு வாரம் ஒவ்வொரு மேசைக்கும் வெளியிலிருந்து வரும் கோப்புகளையும், அங்கிருந்து வெளியே போகும் கோப்புகளையும் எழுதிவைக்கச் சொன்னேன். உரிமக் கட்டணத்தை ஆள்கணக்கிலோ கணினிக் கணக்கிலோ பார்ப்பது விற்பவருக்கு வசதி. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது கோப்புகளின் போக்குவரத்தை.

ஸ்டோர் மேசையில் இருப்பது கச்சாப்பொருள் வரவு-செலவுப் பதிவேடு. அது வெளியே போவதே இல்லை. லிபரேஆபீஸ் கால்க்கில் முதல் நாளிலேயே திறந்தது. கூட்டல் சூத்திரம் ஒன்றுகூட மாறவில்லை. டெஸ்பாட்ச் மேசை, அந்தச் சிவப்புப் பட்டை மேசை, உண்மையில் ஆபீஸைப் பயன்படுத்தியது டி.சி. (டெலிவரி சலான்) அடிப்பதற்கு மட்டும். இன்வாய்ஸும் இ-வே பில்லும் டாலியிலிருந்தே போகின்றன. டி.சி.யையும் டாலிக்கு மாற்றியதும் அந்த மேசைக்கு ஆபீஸே தேவையில்லை என்றாயிற்று.

முதலாளியின் லேப்டாப்பில் மின்னஞ்சல், கொட்டேஷன், வங்கிக்குக் கடிதம். அவர் ஊர் ஊராகப் போகிறவர். கைபேசியிலும் திறக்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் எழுத்துச் செயலி 2005 முதல் இருக்கிறது. 2025இல் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்களை அதன் தொகுப்புக்கு மாறச் சொன்னதிலிருந்து நம் பகுதியிலும் அதைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவருக்கு அதையே தேர்ந்தோம்; சந்தாதான் என்றாலும் ஒரே ஓர் ஆளுக்கு. கணக்கு மேசைக்கு எக்செல் தேவைப்பட்டது. மேலே சொன்ன அரசுக் கருவிகளே காரணம். தரக் கட்டுப்பாட்டு மேசைக்கும் தேவைப்பட்டது.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் குறுக்கே வந்தது. தொழிலாளர்களுக்கான அறிவிப்புகள் வானவில் எழுத்துருவில் இருந்தன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம். தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பழைய எழுத்துருக்களோ தனியார் அலுவலகங்களில் இன்னும் நடமாடுகின்றன. எந்த ஆபீஸுக்கு மாறினாலும் இந்தக் கோப்புகளை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும். அரைநாள் வேலை. விடுப்பு விதிகள் அடங்கிய ஓர் அறிவிப்பில் ஒற்றெழுத்துகள் பல இடம் மாறியிருந்தன, கையால் திருத்தினோம்.

ஆக, ஐந்தில் இரண்டு மேசைக்கு நிரந்தர உரிமம், ஒன்றுக்குச் சந்தா, இரண்டுக்குச் செலவே இல்லை. எந்தச் சலுகை விலையும் தந்திருக்க முடியாத குறைப்பு இது. வாங்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்: பதிப்பின் பெயரில் 'பிசினஸ்' இருக்க வேண்டும், பில் பட்டறையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்க வேண்டும். 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அது கிடைக்காது. வருமான வரியில் மென்பொருளுக்குக் கணினியைப் போலவே 40 விழுக்காடு தேய்மானம் உண்டு.

8. வார்ப்புருவின் பொறுப்பு

இவ்வாறு பிரித்துப் பார்த்தபின் மிச்சமிருப்பவை இரண்டு மேசைகள்தாம். இரண்டிலும் எக்செல் தேவையைப் பட்டறை உருவாக்கவில்லை. ஒன்றை அரசு உருவாக்கியது, இன்னொன்றை வாடிக்கையாளர். மேம்படுத்தலின் செலவை ஏற்பவர் ஒருவர், அதற்குக் காரணமானவர் வேறொருவர். மலிவு உரிமம் பற்றிய விவாதங்கள் இந்தப் பிளவைக் காணத் தவறுகின்றன என்பது என் வாதம்.

ஹோஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் கூட்டாக உரிமம் வாங்கித் தள்ளுபடி பெறலாம் என்ற யோசனை அவ்வப்போது காதில் விழுகிறது. செய்யலாம். ஆனால் சங்கத்தின் கைக்கு இன்னும் பெரிய பலம் உண்டு. ஒரே நிறுவனத்துக்குப் பாகம் செய்து தரும் பட்டறைகள் சேர்ந்து, வார்ப்புருவை மேக்ரோ இல்லாமல் தாருங்கள், இல்லையேல் நேராக வலைப்படிவமாகவே தாருங்கள் என்று கேட்டால், அந்த நிறுவனத்தின் தரப்பிரிவில் ஒருவர் ஒருநாள் உட்கார்ந்து வேலை செய்தால் போதும். பல பட்டறைகளின் ஐந்தாண்டுச் செலவு மிச்சமாகும். ஜி.எஸ்.டி. கருவிகளைப் பொறுத்தவரை, 2010 கொள்கையை எடுத்துக்காட்டித் தொழில் சங்கங்கள் மனு கொடுக்க முழு நியாயம் இருக்கிறது.

தரக் கட்டுப்பாட்டு மேசையில் உட்காரும் இளைஞர் ஒரு வாடிக்கையாளரின் அளவுச் சோதனை வார்ப்புருவைக் கால்க்கில் திறந்து காட்டினார். கட்டங்கள் சரி, சூத்திரங்கள் சரி, அளவு எல்லை தாண்டினால் சிவப்பாகும் விதியும் வேலை செய்தது. கீழே இருந்த 'சப்மிட்' பட்டன் மட்டும் அசையவில்லை. அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று மேக்ரோவுக்குள் போய்ப் பார்த்தோம். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து வேறொரு ஃபோல்டரில் சேமிக்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு வேலையைக் கையால் செய்துகொள்ளலாமா என்று கேட்டு, வாடிக்கையாளரின் தரப்பிரிவுக்கு அன்று மாலையே மின்னஞ்சல் எழுதினோம்.